கணினி வலையமைப்புகளைத் தாக்குவது யார்? எதற்காக?

சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு தந்தை நம்மிடம் வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகன், பள்ளிக்கூட அலுவலகக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து, வீட்டிலிருந்தபடியே உள்ளே போய் மாணவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்திருக்கிறான். எதையும் மாற்றவில்லை. யாரிடமும் பணம் கேட்கவுமில்லை. "ஹஜ்ரத், கூடப் படிக்கிற பையன்கள் இவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். இது திறமையா, திருட்டா? நான் சந்தோஷப்படுவதா, கண்டிப்பதா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் இருக்கிறது. ஆகவே, கணினிக் குற்றம் என்றால் என்ன, வலையமைப்புகளைத் தாக்குகிறவர்கள் எந்தெந்த நோக்கத்தில் தாக்குகிறார்கள், அந்த நோக்கங்கள் அவர்களை எங்கே கொண்டு போய் நிறுத்தின என்பதை நடந்த சம்பவங்களைக் கொண்டு பார்ப்போம். அந்தத் தந்தைக்கு நாம் சொன்ன பதிலை இறுதியில் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கான அடிப்படைச் சட்டம், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். 2008இல் அது திருத்தப்பட்டது. அதன் 43ஆவது பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள்ளோ வலையமைப்புக்குள்ளோ நுழைவது, தகவலைப் படியெடுப்பது, வைரஸைப் புகுத்துவது, சேதப்படுத்துவது, உரியவர்கள் பயன்படுத்த முடியாமல் தடுப்பது ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. இவற்றைச் செய்தவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும்.

இதே செயல்களை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பிறருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கும் இணையப் பயங்கரவாதத்திற்கு 66எஃப் பிரிவின்படி ஆயுள் சிறை வரை போகலாம். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 43ஆவது பிரிவு நோக்கத்தைக் கேட்பதில்லை. "அனுமதி வாங்கினாயா?" என்று மட்டும் கேட்கிறது. நோக்கம் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. பிறர் வீட்டு வாசலில் ஸலாம் கூறி, அனுமதி கிடைத்தால் நுழைந்து, கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று பழக்கப்பட்ட நமக்கு இந்த வரிசை புதிதல்ல.

1. ஆர்வக் கோளாறு

இணையம் இன்றுபோல் விரிவடையாத காலத்தில், 1988 நவம்பர் 2ஆம் தேதி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த 22 வயது ராபர்ட் மோரிஸ், தானாகவே கணினிக்குக் கணினி பரவும் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். சேதப்படுத்துவது அவர் நோக்கமல்ல. எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்க்க விரும்பினார். ஆனாலும் தான்தான் விட்டது என்று தெரியாமலிருக்க, எம்.ஐ.டி. நிறுவனத்தின் கணினி வழியாக விட்டார்.

ஒரு கணினியில் அந்த நிரல் ஏற்கெனவே இருந்தால் மீண்டும் நுழையக் கூடாது. ஆனால் யாராவது "ஏற்கெனவே இருக்கிறது" என்று பொய்ப் பதில் தந்து தடுத்துவிடக் கூடும் என்பதால், ஏழில் ஒரு முறை எப்படியும் நுழையும்படி எழுதியிருந்தார். அந்தக் கணக்கு தவறிவிட்டது. ஒரே கணினிக்குள் நிரலின் பல பிரதிகள் புகுந்து, கணினிகள் மூச்சுத் திணறி நின்றன. அன்று இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

1990இல் அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம் விதிக்கப்பட்டன. சேதம் விளைவிக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்று மேல்முறையீடு செய்தார். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அனுமதியின்றி நுழையும் எண்ணம் இருந்தாலே போதும், சேதம் செய்யும் எண்ணம் இருந்ததென்று தனியே நிரூபிக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. மோரிஸ் பிற்காலத்தில் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரானார். ஆனால் எல்லோருக்கும் அப்படி இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை.

2. நண்பர்களிடம் பெயர் வாங்குதல்

2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் என்ற தொலைபேசி நிறுவனம் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் வெளியே போயின. பிடிபட்டவர்களில் ஒருவன் 17 வயதுச் சிறுவன். அந்த இணையதளத்தில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து மற்றவர்களுக்குச் சொன்னவன் அவன்தான். கூட்டாளிகளிடம் பெருமை காட்டிக் கொள்ளத்தான் செய்தேன் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். அவனைச் சீர்திருத்தக் கண்காணிப்பில் 12 மாதம் வைத்தார்கள். அதே வழக்குத் தொடர்பாக வேறு இரு இளைஞர்கள் 2018இல் சிறைக்குச் சென்றார்கள்.

அவன் ஒரு பவுண்டுகூடச் சம்பாதிக்கவில்லை. ஆனால் அவன் திறந்து காட்டிய கதவு வழியாக மற்றவர்கள் போனார்கள். பாதுகாப்பில் அலட்சியமாக இருந்ததற்காக அந்த நிறுவனத்துக்கும் 4 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. கதவைப் பூட்டாதவர் மீது தவறு இருக்கிறது என்பதால் உள்ளே நுழைந்தவர் நிரபராதி ஆகிவிடுவதில்லை.

3. வஞ்சம்

எல்லாத் தாக்குதலும் எங்கோ தொலைவிலிருந்து வருவதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மரூச்சி என்ற பகுதியின் கழிவுநீர் நிலையங்களை வானொலி அலைவரிசை மூலம் இயக்கும் அமைப்பு இருந்தது. அதை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் அங்கிருந்து விலகி, உள்ளாட்சி மன்றத்தில் வேலை கேட்டார். கிடைக்கவில்லை.

2000ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், தன் வாகனத்தில் மடிக்கணினியும் வானொலிக் கருவியும் வைத்துக்கொண்டு அவர் அந்த அமைப்புக்குள் மீண்டும் மீண்டும் நுழைந்தார். பம்புகள் நின்றன. சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆறுகளிலும் கலந்தது. மீன்கள் செத்தன, குடியிருப்போர் நாற்றத்தில் தவித்தார்கள். 2001இல் அவருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. வேலையிலிருந்து ஒருவர் போன அன்றே அவருடைய பாஸ்வேர்டையும் உள்நுழையும் உரிமையையும் நீக்க வேண்டும் என்பது, சிறிய கடை வைத்திருக்கும் நம் வியாபாரிகளுக்கும் பொருந்தும் பாடம்.

4. பணம்

இன்று நடக்கும் கணினிக் குற்றங்களில் பெரும்பகுதி பணத்துக்காகத்தான். இதில் பங்களாதேஷ் மத்திய வங்கிக் கொள்ளையை விட விளக்கமான உதாரணம் இல்லை.

வேலை கேட்டு விண்ணப்பிப்பவர்போல வங்கி ஊழியர்களுக்கு மின்னஞ்சல்கள் வந்தன. அதிலிருந்த இணைப்பைத் திறந்தபோது திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். பல மாதங்கள் ஓசையின்றிக் காத்திருந்தார்கள். 2016 பிப்ரவரி 4ஆம் தேதி, வியாழக்கிழமை இரவு, உலக வங்கிகள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியாக, நியூயார்க்கில் பங்களாதேஷ் வைத்திருந்த கணக்கிலிருந்து 95 கோடி டாலருக்கும் மேல் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் போயின. நாளையும் எண்ணித்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பங்களாதேஷில் வார விடுமுறை. சனி, ஞாயிறு அமெரிக்காவில் விடுமுறை. திங்கள்கிழமை சீனப் புத்தாண்டுக்காகப் பிலிப்பைன்ஸில் விடுமுறை. பரிமாற்றங்களைத் தாளில் அச்சிடும் பிரிண்டரையும் வேலை செய்யாமல் ஆக்கியிருந்தார்கள்.

பெரும்பாலான உத்தரவுகள் தடுக்கப்பட்டன. 2 கோடி டாலர் இலங்கையில் ஒரு அறக்கட்டளையின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. அறக்கட்டளை என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் திருடர்கள் எழுத்துப் பிழையுடன் எழுதியதால் இடையிலிருந்த வங்கிக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பணம் திரும்பியது. ஆனால் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவில் ஒரு வங்கிக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. பங்களாதேஷ் மத்திய வங்கியின் ஆளுநர் பதவி விலகினார்.

மணிலாவில் அந்தப் பணத்தை வாங்கிய கணக்குகள், பல மாதங்களுக்கு முன்பே பொய்ப் பெயர்களில், சிறு தொகை போட்டுத் தொடங்கப்பட்டவை. கணக்குகள் இருந்த கிளையின் மேலாளர் 2019இல் தண்டிக்கப்பட்டார். திருடிய பணம் போய்ச் சேர ஒரு கணக்கு எப்போதும் தேவை. "உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்" என்று நம் கல்லூரிப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டால், அது இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி என்று சொல்லி வையுங்கள். போலீஸ் முதலில் வந்து தட்டுவது கணக்கு வைத்திருப்பவரின் வீட்டுக் கதவைத்தான்.

பணத்துக்கான இன்னொரு முறை, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணயத் தொகை கேட்பது. 2017 மே 12ஆம் தேதி பரவிய வான்னாக்ரை சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் சுமார் 19,000 சிகிச்சைச் சந்திப்புகள் ரத்தாயின. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை இத்தகைய தாக்குதலுக்கு ஆளானபோது, நோயாளிகளின் பதிவைப் பல நாட்கள் கையால் எழுத வேண்டியிருந்தது.

5. அரசியல் கோபம்

2007 ஏப்ரலில் எஸ்டோனியா நாட்டின் தலைநகர் தாலினில், சோவியத் காலத்துப் போர் வீரர் சிலை ஒன்றை அரசு இடம் மாற்றியது. ரஷ்ய மொழி பேசுவோர் கொதித்தார்கள். கலவரத்தோடு கணினித் தாக்குதலும் தொடங்கியது. நாடாளுமன்றம், அமைச்சகங்கள், வங்கிகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் தளங்களுக்கு ஒரே நேரத்தில் கணக்கில்லாத போலிக் கோரிக்கைகள் குவிந்தன. ஒரு கடை வாசலில் பொருள் வாங்காத ஆயிரம் பேர் வரிசையில் நின்றால், வாங்க வந்தவர் நுழைய முடியாது அல்லவா? அதுபோலத்தான். சேவையை முடக்கும் தாக்குதல் என்று இதைச் சொல்வார்கள்.

மூன்று வாரங்கள் வரை விட்டு விட்டு நடந்த இந்தத் தாக்குதலில் தண்டிக்கப்பட்டது அந்நாட்டிலேயே இருந்த 20 வயது மாணவர் ஒருவர். அவருக்கு 17,500 குரோன் அபராதம். ஊர் கொதிக்கும்போது எவரோ அனுப்பும் இணைப்பை உணர்ச்சி வேகத்தில் அழுத்துகிறவர்தான் கடைசியில் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார். தூண்டியவர்கள் தெரிவதில்லை.

6. அரசுகளின் கை

2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நிரல், ஈரானின் நதன்ஸில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் குறிவைத்தது. யு.எஸ்.பி. டிரைவ் மூலம்கூடப் பரவக்கூடிய அது, இயந்திரங்களின் சுழற்சி வேகத்தை மாற்றிச் சிதைத்தது. இயந்திரங்களை இயக்குவோர் பார்க்கும் திரையிலோ எல்லாம் சரியாக ஓடுவதாகக் காட்டியது. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்ததாகச் செய்தி ஏடுகள் விரிவாக எழுதின. இரு அரசுகளும் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டதில்லை. அந்த நிரல் நதன்ஸோடு நிற்கவில்லை. இந்தோனேசியா, இந்தியா உள்ளிட்ட நாடுகளின் கணினிகளிலும் காணப்பட்டது.

பங்களாதேஷ் கொள்ளை, வான்னாக்ரை இரண்டிலும் வடகொரிய அரசுக்காக வேலை செய்தவர் என்று ஒருவர் மீது 2018இல் அமெரிக்க நீதித் துறை குற்றம் சாட்டியது. வடகொரியா மறுத்தது. பணம் ஒரு நோக்கம், அரசு இன்னொரு நோக்கம் என்று பிரித்தாலும் நடைமுறையில் இரண்டும் கலந்தே வருகின்றன.

விளையாட்டில் தொடங்கிய ஒன்று

நோக்கங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி வழுக்கும் என்பதை மிராய் சம்பவம் காட்டுகிறது. மைன்கிராஃப்ட் விளையாட்டு நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதற்குச் சர்வர் நடத்திப் பணம் சம்பாதிப்பவர்கள் உண்டு. போட்டியாளரின் சர்வரை முடக்கினால் ஆட்டக்காரர்கள் நம் பக்கம் வருவார்கள் என்று அமெரிக்க இளைஞர்கள் மூவர் கணக்குப் போட்டார்கள். 2016இல் மிராய் என்ற நிரலை எழுதினார்கள். அது வீடுகளில் இருக்கும் சி.சி.டி.வி. கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடி, கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் சுமார் 60 பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். மாற்றாதவர்களின் கருவிகள் லட்சக்கணக்கில் அவர்களுடைய படையாயின.

பிறகு மாட்டிக்கொள்ளாமலிருக்க அந்த நிரலை எல்லோருக்கும் வெளியிட்டார்கள். அதன் ஒரு வகையைக் கொண்டு வேறு சிலர் அக்டோபர் 21ஆம் தேதி தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் நின்றன. அதில் பங்கெடுத்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டவர், அப்போது 18 வயது நிரம்பாதவர். அவர் முடக்க நினைத்தது ஒரு விளையாட்டுத் தளத்தை மட்டுமே.

மூவரில் ஒருவர் தாம் படித்த பல்கலைக்கழகத்தின் வலையமைப்பையும் பலமுறை முடக்கியவர். அதற்காக 86 லட்சம் டாலர் இழப்பீடு கட்டும்படி 2018இல் உத்தரவு வந்தது. அவருடைய ஆயுள் சம்பாத்தியத்துக்கும் மேலான தொகை அது.

அந்தத் தந்தைக்குச் சொன்ன பதில்

"திறமையும் உண்டு, தவறும் உண்டு பாய். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காதீர்கள்" என்றோம். மகனை அடிக்க வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம் என்றோம். பார்த்ததை யாரிடமும் சொல்லாமல், எடுத்தது ஏதாவது இருந்தால் வைத்துக்கொள்ளாமல், தந்தையும் மகனும் சேர்ந்து தலைமையாசிரியரிடம் போய், பாஸ்வேர்டு எளிதாக இருக்கிறது, மாற்றுங்கள் என்று உண்மையைச் சொல்லச் சொன்னோம். பள்ளியில் கோபப்படலாம். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். 18 வயது நிரம்பாதவர் மீதான வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குப் போகும். ஆனால் அந்தப் பிறந்த நாள் எந்தப் பிள்ளைக்கும் வெகு தொலைவில் இல்லை.

போனார்கள். தலைமையாசிரியர் பையனைக் கண்டித்தார், பாஸ்வேர்டையும் மாற்றினார்.

இத்தகைய ஆர்வத்துக்கு நேர்வழியும் இருக்கிறது. தங்கள் மென்பொருளில் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்வோருக்குக் கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் பரிசு தருகின்றன. எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்ற எல்லையை அவர்களே அறிவிக்கிறார்கள். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் ஓட்டைகள் பற்றிய தகவலைப் பெற்றுக்கொள்கிறது. நெறிமுறையுடன் கூடிய ஹேக்கிங் கல்லூரிகளில் பாடமாகவே இருக்கிறது. எங்கும் விதி ஒன்றுதான்: முதலில் அனுமதி, பிறகு சோதனை.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. கேமரா, ரவுட்டர் ஆகியவற்றின் பாஸ்வேர்டை வாங்கிய அன்றே மாற்றுங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். முக்கியமான கோப்புகளை இணையத்தோடு தொடர்பில்லாத இன்னொரு இடத்திலும் சேமித்து வையுங்கள். பணம் பறிபோனால் இந்தியாவில் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

வான்னாக்ரை பரவிக்கொண்டிருந்தபோது அதை நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது ஆங்கிலேய இளைஞர். அந்த நிரல் தொடர்பு கொள்ள முயன்ற, யாரும் பதிவு செய்யாத ஒரு இணைய முகவரியை அவர் சில டாலர் கொடுத்துப் பதிவு செய்தார். பரவல் அடங்கியது. உலகம் புகழ்ந்தது. மூன்று மாதம் கழித்து அவர் அமெரிக்காவில் கைதானார். வங்கிக் கணக்குகளைத் திருடும் நிரல் ஒன்றைப் பதின்ம வயதில் எழுதத் தொடங்கி விற்றதற்காக. 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் திருந்தியதையும் செய்த நன்மையையும் கணக்கில் எடுத்த நீதிபதி மேற்கொண்டு சிறைக்கு அனுப்பவில்லை.

அவரைக் கைது வரை கொண்டு போனதும், உலகத்தின் நன்றியைப் பெற்றுத் தந்ததும் ஒரே அறிவுதான். நம் வீட்டுப் பையன் இரவு இரண்டு மணிக்குத் திரையின் முன் உட்கார்ந்து என்ன செய்கிறான் என்று கேட்கும்போது, "என்ன செய்கிறாய்?" என்பதோடு "யாரிடம் அனுமதி வாங்கினாய்?" என்பதையும் சேர்த்துக் கேட்போம். அந்தக் கேள்வியைப் பதினாறு வயதில் வாப்பா கேட்டுவிட்டால், இருபது வயதில் நீதிபதி கேட்க வேண்டியிருக்காது.